உம் கொட்டிய லெட்சுமி

கிள்ளானில் காலை ஆறேகால் கொமுட்டர் ரயிலைப் பிடித்தால்தான் லெட்சுமிக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்த மறு நிமிடம் யாராவது ஒருத்தி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள். மருமகள் கதை, முட்டிவலிக் கதை, பிளாட்டில் மூன்று வாரமாக லிப்ட் ஓடாத கதை. லெட்சுமி குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டாள். "உம்" என்பாள். கதை சூடு பிடித்தால் "ம்ம்?" என்று இழுப்பாள். கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது கதை சொன்னவளுக்குப் பாரம் இறங்கியிருக்கும். லெட்சுமிக்குக் காது வலிக்கும்.

"ஒங்கிட்ட சொன்னாத்தான்க்கா மனசு ஆறுது," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே! ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கென்று வேறு என்ன இருந்தது? காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தாள். தோட்டத்தை விற்றார்கள், சனத்தை லோரியில் ஏற்றிப் பிளாட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் விரல் தோலை உரித்துக்கொண்டாள். லோரி ஓட்டிய புருஷன் போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்ற வரிசையில் நின்றபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தான். மகள் ஷாமினி பூச்சோங்கில் குடும்பமாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவாள், ஐந்து நிமிஷம் பேசுவாள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். லெட்சுமி உம் கொட்டினாளே தவிர, பாதி நேரம் எதையும் கேட்கமாட்டாள். தொழிற்சாலை வேனில் வேலை முடிந்து வரும்போது பெண்கள் மாறி மாறிக் கதை சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்திலேயே, சரியான இடத்தில் உம் போட அவள் அங்கேதான் பழகினாள். நம் சனத்துக்கு என்ன வேண்டும்? கதை சொல்கிறவருக்கு எதிரே ஒரு உம் வேண்டும். அது நின்றால் கதையும் நின்றுபோகும். உம் போடுகிறவள் மனது எங்கே மேய்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

தொழிற்சாலை வேலை போன பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். பழைய பங்களா. இருபத்திரண்டு வயதானவர்கள், பகலில் பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள். நடத்துகிறவர் சுகுமாறன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எந்தத் தொல்லையும் தன் மேசைவரை வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மனிதர்.

அந்த இல்லத்தில்தான் ஹெலன் ஆன்டி இருந்தார். தொண்ணூறை நெருங்கியவர், வெள்ளைக்காரி. பெயர் ஹெலேனா, பிரிக்பீல்ட்ஸ் வாய்க்கு அது ஹெலனாகி ஐம்பது அறுபது வருஷம் ஆகிறது. புருஷன் திருச்செல்வம் ரயில்வேயில் எஞ்சினியர். இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர் இந்த அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். ஆன்டி சேலை கட்டினார், பாசாரில் தமிழில் பேரம் பேசினார், மீன்காரனிடம் சண்டை போட்டார். புருஷன் போய்ச்சேர்ந்தார். பிறகு பக்கவாதம் ஒரு முறை வந்தது, இரண்டாம் முறையும் வந்தது. இரண்டாவது வந்தபோது தமிழும் இங்கிலீஷும் துடைத்துக்கொண்டு போய்விட்டன. சின்ன வயதில் பேசிய பேச்சு மட்டும் மிஞ்சியது. அது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மெல்பர்னில் இருக்கும் ஒரே மகன் விஜயனுக்கும் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன? லெட்சுமிதான் இருக்கிறாளே. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு, சலவைத் துணிகளை மடித்தபடி, ஆன்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஆன்டி பேசுவார். லெட்சுமி உம் கொட்டுவாள். மற்ற பெண்கள் குளிப்பாட்டக் கூப்பிட்டாலே ஆன்டி கையை உதறுவார்; லெட்சுமியைக் கண்டால் "யாஜா" என்பார். மகள் என்று அர்த்தம் போலிருக்கிறது என்று லெட்சுமி நினைத்துக்கொண்டாள். கேட்டுச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அந்த வருஷம் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் விஜயன் வந்தபோது, அம்மா பாடிக்கொண்டிருந்ததைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டார். அம்மாவின் பழைய கதையைத் தனக்குத் தெரிந்தவரை எழுதி, இது எந்த ஊர்ப் பாட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். போலந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற மார்த்தா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே எழுதினாள். லிதுவேனியா நாட்டுக்குள்ளே சில ஊர்களில் போலந்துச் சனம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறதாம். அவர்கள் பேசும் போலிஷில் பக்கத்துப் பாஷைகளெல்லாம் கலந்திருக்குமாம். அதைத்தான் அவள் ஆராய்கிறாள். ஆறு வயதில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, ரஷ்யா, ஈரான், ஆப்பிரிக்கா என்று அலைந்து, தாயோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஒருத்தி அந்தப் பேச்சை அப்படியே வைத்திருப்பது தனக்குப் பெரிய புதையல் என்று எழுதியிருந்தாள்.

சுகுமாறன் இதை விளக்கியபோது லெட்சுமிக்குச் சட்டென்று பிடிபட்டது. "நம்ம கிள்ளான் தமிழ் மாதிரின்னு சொல்லுங்க பாஸ். தமிழ்நாட்டுக்காரங்க வந்தா பாதி புரியாது, அதான?"

"அதேதான் லா."

தபாலில் ஒரு ரெக்கார்டர் வந்தது, தீப்பெட்டி அளவு. தினமும் ஒரு மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். யாரும் கேள்வி கேட்கக் கூடாது, ஆன்டி தானாகப் பேச வேண்டும். லெட்சுமி மட்டும் எப்போதும் போல உம் கொட்டலாம். அந்தச் சத்தம் இருந்தால்தான் பேச்சு வளருகிறது என்று மார்த்தாவே எழுதியிருந்தாள். லெட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. கொமுட்டரில் முதல் முறையாக அவள் பேச, மற்றவர்கள் கேட்டார்கள். "ஆராய்ச்சியில என் கொரலும் இருக்குன்னா பாத்துக்கயேன்!" என்றாள். சுகுமாறன் வாராவாரம் பதிவுகளைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிவைத்தார். நன்றி, சத்தம் தெளிவாக இருக்கிறது என்று மார்த்தா பதில் போட்டாள்.

மே மாதம் நடுவில் ஆன்டியின் சாப்பாடு குறைந்தது. பால்கஞ்சியை இரண்டு கரண்டியோடு தள்ளிவிட்டார். வளையல் முழங்கைவரை ஏறியது. பேசும்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டே பேசினார். காற்றாக இருக்கும் என்று லெட்சுமி தைலம் தேய்த்துவிட்டாள். ஆன்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். முகத்தில் அழுகை இல்லை, முனகல் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினார். லெட்சுமி பிள்ளையார் படம் போட்ட துவாலையை நாலாக மடித்தபடி உம் என்றாள்.

மாதம் ஒரு முறை வருகிற டாக்டர் நாடியைப் பார்த்தார், வயசாச்சு என்றார், சத்து மாத்திரை எழுதினார்.

லெட்சுமிக்கு மனது ஒப்பவில்லை. ஆன்டியைத் தூக்கி உட்கார வைக்கிற கைக்குத் தெரியாதா எடை? நேரே சுகுமாறனிடம் போனாள். "பாஸ், ஆன்டி கரையறாங்க. என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காங்க. அந்த மார்த்தாப் பொண்ணுக்கு எழுதி, என்ன சொல்றாங்கன்னு கேளுங்களேன்."

"ஆராய்ச்சி பண்றவங்கள சின்ன விஷயத்துக்கெல்லாம் கச்சாவ் பண்ணித் தொல்ல குடுக்கக் கூடாது லெட்சுமி. ஜூலைல அவங்களே வராங்க. வந்ததும் நேரா கேட்டுக்க."

அவள் ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். "எத்தன தடவ சொல்றது?" என்று அவர் முகம் சுளித்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த இன்னொரு தப்பு அது. ஷாமினியிடம் சொல்லியிருந்தால் அவளாவது அந்த வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடிப்பிடித்திருப்பாள். ஆனால் முதலாளி வேண்டாம் என்றதை மீறி ஒரு காரியம் செய்ய லெட்சுமியின் வம்சத்தில் யாரும் அவளுக்குப் பழக்கிவைக்கவில்லை. ஜூலை வரட்டும், ஜூலை வரட்டும் என்று நாளை எண்ணினாள். மூன்று மணி ஆனதும் ரெக்கார்டரை ஆன்டியின் மடியில் வைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள்.

மார்த்தா ஜூலை இரண்டாம் வாரம் வந்தாள். முப்பது வயசுக்கு மேல் இராது, பூப்போட்ட கவுன், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. வந்ததும் ஆன்டியின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து போலிஷில் பேசினாள். ஆன்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பேச்சு பேசுகிற யாரோ ஒருத்தி. வாயே திறக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க மிஸ்," என்றாள் லெட்சுமி. தன்னுடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடிக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டாள். ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம், சொல்லுங்க ஆன்டி," என்றாள்.

ஆன்டி ஆரம்பித்தார். மார்த்தா நோட்டில் வேகமாக எழுதினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். லெட்சுமிக்கும் சந்தோஷமாக இருந்தது. உம், உம் என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுதுகிற சத்தம் நின்றதைக் கவனித்தாள். திரும்பிப் பார்த்தால் மார்த்தாவின் மூக்கில் இருந்த சிவப்புகூட இறங்கிப்போயிருந்தது.

"இதை எப்போதிலிருந்து சொல்கிறார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"எத?"

"இதைத்தான். உள்ளே கடிக்கிறது, எலி மாதிரி கடிக்கிறது, தூங்க முடியவில்லை என்கிறாரே."

லெட்சுமிக்கு முதலில் இங்கிலீஷ் புரியவில்லை. மார்த்தா தன் வயிற்றைப் பிடித்துக் காட்டினாள். அப்புறம் புரிந்தது. அதற்குள் ஆபீஸ் அறையிலிருந்து வந்துவிட்ட சுகுமாறன், அதற்குமேல் இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

மார்த்தா ஆன்டியின் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டாள். இந்த முறை ஆன்டி பதில் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாக, லெட்சுமியைக் கைகாட்டிச் சொன்னார். மார்த்தா அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. லெட்சுமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொல்றாங்க? சொல்லு மிஸ். என்னதான் சொல்றாங்க?"

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொன்னேனே' என்கிறார். 'யாஜாவிடம் தினமும் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள். வைத்தியரைக் கூட்டிவருவாள். அதனால்தான் கத்தாமல் காத்திருக்கிறேன்' என்கிறார்."

யாஜா என்பது அவருடைய அக்கா பெயராம். நாடு கடத்திய ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். வழியிலேயே செத்துப்போனவள்.

லெட்சுமியின் மடியில் இருந்த துணி கீழே விழுந்தது. மார்த்தா ஓடிப்போய் ஆபீஸ் அறையில் தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள், பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். லெட்சுமி வாசலில் நின்றாள். ஏப்ரல் பதிவு: ஆன்டியின் குரல், அவளுடைய உம். மே மாதப் பதிவு: ஆன்டியின் குரல், உம், ரேடியோவில் விளம்பரம், உம். ஒன்றில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே உம் சொல்லியிருந்தாள். தன் குரல் இவ்வளவு அன்பாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பாதியில் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பதிவு ஆரம்பித்த மூன்றாம் வாரத்திலிருந்தே சொல்கிறார்," என்றாள் மார்த்தா. "நானும் கேட்டேன். வலிக்கிறது என்பதற்கு எங்கள் பாஷையில் பொலி என்போம். அவர் அதை இழுத்துச் சொல்கிற விதம் அந்த ஊர்களுக்கே உரியது. பதினோரு இடத்தில் அந்தச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, அளந்து, அட்டவணை போட்டிருக்கிறேன். முழுவதையும் உட்கார்ந்து கேட்கவில்லை. விடுமுறையில் கேட்கலாம் என்று வைத்துவிட்டேன்."

படித்தவளும் படிக்காதவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுகுமாறன் ஏர்கோன் குளிரைக் குறைத்தார், கூட்டினார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், டோன் வொரி," என்றார். வண்டி எடுக்கப் போகும்போது லெட்சுமியைத் தனியாக இழுத்து, "மகன்கிட்ட ரொம்ப விளக்காத. சொல்லி இப்ப என்ன ஆவப்போவுது?" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சோதித்தார்கள். வயிற்றில் கட்டி, கல்லீரல்வரை பரவியிருந்தது. டாக்டரம்மா சின்னப் பெண், தமிழ்ப் பெண்தான். "முன்னாடியே வந்திருந்தாலும் இந்த வயசுல ஆப்பரேஷன் பண்ணியிருக்க மாட்டோம், அக்கா," என்றாள். லெட்சுமி மூச்சு விட்டாள். டாக்டரம்மா பேச்சை முடிக்கவில்லை. "ஆனா இந்த ரெண்டு மாசம் வலி இல்லாம வச்சிருந்திருக்கலாம். மருந்து இருக்கு."

விஜயன் வந்து சேர்ந்தார். வந்தவர் முதல் வேலையாக லெட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் எங்கம்மாவுக்குப் பேச்சுத் துணையா இருந்தீங்க. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." சொல்லிவிடு, சொல்லிவிடு என்று லெட்சுமிக்கு உள்ளே அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் மார்த்தாதான் எல்லாவற்றையும், தன் அட்டவணை உட்பட, அவரிடம் சொன்னாள். மறுநாள் விஜயன் லெட்சுமியைப் பார்த்து, "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் மார்த்தா ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். பதிவுகளைப் பாதுகாத்து வைக்கப்போகிறார்கள். குரல் பதிவான ஒவ்வொருவரும் சம்மதம் தர வேண்டும். "வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான்," என்றாள். அவளே மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு இருந்தாள். பெயர், வயது, ஊர் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கேட்டவருக்குத் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது.

"தமிழ், மலாய். கொஞ்சம் இங்கிலீஷ்," என்றாள் லெட்சுமி. பிறகு பேனா நகர்வதற்குள் அவள் கையைப் பிடித்தாள். "ஆன்டி பேசினது ஒரு வார்த்தகூடத் தெரியாதுன்னு எழுதும்மா. பெரிசா எழுது. நாளைக்குக் கேக்கறவன் எவனும் நான் புரிஞ்சுதான் உம் போட்டேன்னு நெனச்சிடக் கூடாது."

சுகுமாறன் இங்கிலீஷில் சொல்ல, மார்த்தா எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு லெட்சுமி ஒன்றே ஒன்று கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்பதற்கு என்ன சொல்ல வேண்டும்? அதே சொல்தான், கேள்வியாகக் கேட்டால் போதும் என்றாள் மார்த்தா. லெட்சுமி அவளை ஐந்தாறு முறை சொல்லச் சொல்லி, கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வார்டுக்குள் போனாள். மடிக்கத் துணி இல்லாமல் கை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. ஆன்டி சுருங்கிப்போய்க் கிடந்தார். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. லெட்சுமி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, காதருகே குனிந்தாள்.

"பொலி?"

ஆன்டி மெல்லத் திரும்பினார். அவளை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குத் தெம்பு இல்லை.

"உம்," என்றார்.

லெட்சுமி அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "ஆன்டி, எனக்கு ஒண்ணுமே புரியல ஆன்டி. நீங்க சொன்னது ஒரு வார்த்த புரியல."

"உம்."

"புரியாமத்தான் ஒக்காந்துகிட்டு இருந்தேன். வீட்டு நெனப்பு, ரயில் நெனப்பு. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன் பாவி."

"உம்."

"நீங்க என்னமோ சின்ன வயசுக் கதை சொல்றீங்கன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட நான் எதையும் சொல்லவே இல்ல. கூட்டிட்டு வருவேன்னு நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்களாம்."

"ம்ம்?"

ஆன்டியின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன. லெட்சுமியால் அதற்குமேல் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. கதை பாதியில் நின்றுவிட்டதே என்று ஆன்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கேட்கக் காத்திருந்தார்.